ஏதேனில் பச்சை பெயிண்ட்

திருமுல்லைவாயிலில் ஒரு சின்னச் சபை. மே மாத விபிஎஸ் என்னும் விடுமுறை வேதாகம வகுப்பு தொடங்குமுன் சண்டே கிளாஸ் அறைச் சுவரில் ஏதேன் தோட்டம் வரைய முடிவானது. பெயிண்டர் கன்னியப்பனை அழைத்து வந்தவர் பாஸ்டர் ஜாக்சன். கூடவே நின்று பார்த்துக்கொள்ளக் கிளம்பியவர் கமிட்டி மெம்பர் ரூபஸ்.

ரூபஸுக்கு அறுபத்திரண்டு வயது. சபையில் யாருடைய உடுப்பின் கை எங்கே முடிகிறது, யாருடைய கழுத்து எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. யாரும் கொடுக்காத பொறுப்பு. போன மாதம், பாடகர் குழுவில் பாடும் சாராளை, சுடிதாருக்குக் கை குட்டை என்று வாசலிலேயே நிறுத்தி, பக்கத்து அண்ணனூரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிப் போய் வேறு உடுத்தி வரச் செய்தார். ஐடி கம்பெனியில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவள் அவள். அன்று போய் மாற்றிக்கொண்டுதான் வந்தாள்.

கன்னியப்பன் ஆதாம் ஏவாளை வரைந்து, மறைக்க வேண்டிய இடத்தில் இலைகளையும் வைத்திருந்தார். ரூபஸுக்குப் போதவில்லை. "பசங்க பாக்கற படம்பா. இன்னும் ரெண்டு இலை போடு."

ரெண்டு இலை நாலானது. நாலு, புதரானது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மனுக்குலத்தின் முதல் பெற்றோர் இருவரும், கீரைக்கட்டுக்கு மேல் வைத்த இரண்டு தேங்காய் மாதிரி தலை மட்டும் தெரிய நின்றார்கள்.

கன்னியப்பன் சட்டைப்பையிலிருந்து வேதாகமப் பக்கத்தின் ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்தார். "சார், பாஸ்டர் குட்த்த பேப்பர நான் முழுசா படிச்சேன். பழத்த துன்ன அப்பாலதான் அவுங்களுக்கு வெக்கமே வந்துச்சுன்னு போட்டுகீது. இங்க பழம் இன்னும் மரத்துலயே தொங்கிகினு கீது. அதுக்குள்ள எதுக்கு சார் இலை?"

நாற்பது வருடமாக வேதம் வாசிக்கிற ரூபஸ் சுவரிலிருந்த மரத்தைப் பார்த்தார். "அப்ப பழத்த அழி," என்றார்.

"பழம் இல்லன்னா கதையே இல்லியே சார்."

யோசிப்பதற்காக ரூபஸ் பின்னாலிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். பெஞ்சின்மேல் பச்சை எனாமல் பெயிண்ட் ஊற்றிய தட்டு இருந்தது.

எழுந்தபோது வெள்ளை பேண்ட்டின் பின்பக்கம் முழுக்கத் தோட்டம். கன்னியப்பன் பதறிப்போனார். "கழட்டுங்க சார், சீக்கிரம்! காஞ்சா போவாது. டர்பென்டைன் போட்டு அலசி எடுத்தாறேன்."

ரூபஸ் கரும்பலகைக்குப் பின்னால் போய்ப் பேண்ட்டைக் கழற்றி நீட்டினார். கன்னியப்பன் அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். பட்டாபட்டி அண்டர்வேரோடு ரூபஸ் தனியாக நின்றார்.

அப்போதுதான் படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க, பாஸ்டரும் சாராளும் உள்ளே வந்தார்கள்.

"ரூபஸ் அண்ணே! எங்க இருக்கீங்க?"

கரும்பலகை ஸ்டாண்டுக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"இங்கதான் பாஸ்டர்," என்றது பலகை. "உங்க சத்தம் கேட்டுச்சு. வர முடியாத நெலம. பேண்ட் இல்ல. அதான் ஒளிஞ்சிட்டேன்."

"பேண்ட் இல்லையா? யார் கழட்டச் சொன்னாங்க?"

"அந்தப் பெயிண்டர்தான்! நீங்க கூட்டிட்டு வந்த ஆளு!"

பாஸ்டர் சுவரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றியது. பழம் தின்றுவிட்டு ஒளிந்த ஆதாம் கடவுளிடம் சொன்ன பதில் என்று பிடிபட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். வராந்தாவில் அவர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.

சாராள் சிரிக்கவில்லை. பீரோமேல் இருந்த கிறிஸ்துமஸ் நாடகப் பெட்டியை இறக்கி, ஒரு மேய்ப்பன் அங்கியைத் தேடி எடுத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் பலகைக்குப் பின்னால் நீட்டினாள்.

"போட்டுக்கங்க அங்கிள். நான் பாக்கல."

ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தைத்த அங்கி. ரூபஸுக்கு முட்டிக்கு மேலேயே நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்துவிட்டாலும் இறங்கவில்லை. அவர் வெளியே வந்தபோது சாராள் அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"அன்னிக்கு..." என்று ஆரம்பித்த ரூபஸ் அங்கியை இன்னொரு முறை கீழே இழுத்துவிட்டார். "வாசல்ல, அத்தனை பேர் முன்னால உன்ன நிறுத்திட்டேன்மா. அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

"ஆமா அங்கிள். கூடாதுதான்," என்றாள் சாராள். "வீடு வரைக்கும் அழுதுட்டே போனேன்." பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கன்னியப்பன் திரும்பி வந்தார். பேண்ட் இப்போது பின்பக்கம் மட்டுமல்ல, முழுக்கவே இளம்பச்சை. ரூபஸ் அதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய் நின்றார்.

"கன்னியப்பா, இலையக் கொஞ்சம் குறை. தோள் தெரியட்டும்."

"சரி சார்."

"முட்டியும் தெரியட்டும்."

அங்கியோடேயே ஸ்கூட்டரில் கிளம்பினார். சி.டி.எச். ரோடு சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஆடு எல்லாம் எங்க?"

"முன்னால போய்டுச்சு நைனா," என்று சொன்ன ரூபஸ், காற்றில் பறந்த அங்கியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிக்னல் எப்போது மாறும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.