பொத்தானில் இருந்த விரல்

மாவு தேய்க்கும் பலகையின் மேலேயே அந்தத் தாளை வைத்தாள் ஓரிஸ்யா.

வாலியா கையை நிறுத்தவில்லை. வட்டமாக வெட்டிய மாவில் உருளைக்கிழங்கை வைத்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடிக்கொண்டிருந்தாள். சர்ச் முடிந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் வரேனிக்கிக் கொழுக்கட்டைதான்.

"மாவுல காகிதத்த வைக்காதடி. மை ஒட்டும்."

"ஒட்டட்டும். இந்தக் கையெழுத்து யாரோடது அண்ணி?"

இப்போது கை நின்றது.

பள்ளிக்கூடம் கொடுத்த பதிவேட்டின் நகல் அது. தேதி, எத்தனை நிமிடம், பூட்டைப் பிடித்திருந்தவர், குழந்தையின் நிலை என்று நாலு கட்டம். பதினோரு வரி. எல்லாம் ஓரிஸ்யாவின் மகள் ஸ்லாட்டாவைப் பற்றியவை. மூன்றாவது கட்டத்தில் பதினோரு முறையும் ஒரே பெயர்: வாலியா. செத்துப்போன கணவனின் அக்கா. உக்ரைன் போரில் மரியுபோலிலிருந்து தப்பி வந்த தாயையும் பிள்ளையையும் அமெரிக்காவில் ஒஹாயோவுக்கு வரவழைத்து, தன் வீட்டு மாடியில் குடிவைத்தவள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பதினைந்து வருடமாக வகுப்பு உதவியாளர்.

"நீயா கேட்டு வாங்கின?"

"நாந்தான். கேட்டதும் குடுத்துட்டாங்க. ஒரு பேரக்கூட மறைக்கல. இனிமே யார் வந்து கேக்கப் போறாங்கங்கற தைரியம்."

அந்த அறைக்கு 'அமைதி அறை' என்று பெயர். ஜன்னல் கிடையாது, நாற்காலி கிடையாது. கதவில் காந்தப் பூட்டு, வெளிச்சுவரில் ஒரு பொத்தான். யாராவது அதை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் கதவு பூட்டி நிற்கும். விரலை எடுத்த கணமே திறந்துவிடும். பிள்ளையைத் தனியே விடுவதே இல்லை, எப்போதும் வெளியே ஓர் ஆள் நிற்கும் என்று தலைமையாசிரியர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்த ஆள் யார் என்று கேட்க ஓரிஸ்யாவுக்குத் தோன்றவில்லை.

துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று மாதாமாதம் பள்ளியில் ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் விளக்கை அணைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள். எட்டு வயது ஸ்லாட்டா அலறிக்கொண்டு கதவை நோக்கி ஓடுவாள். ஓடினால் ஒழுங்கீனம். ஒழுங்கீனத்துக்கு அமைதி அறை. கதவைச் சாத்தியதற்காகப் பயந்த பிள்ளையை இன்னொரு கதவுக்குப் பின்னால் போட்டுச் சாத்துகிற அறிவு, படித்தவர்களுக்கு மட்டும்தான் வரும்.

சாத்திய கதவு என்றால் ஸ்லாட்டாவுக்கு என்ன என்பதை ஓரிஸ்யா பிப்ரவரியில் மார்லீனிடம் சொல்லியிருந்தாள். மார்லீன் மத்திய அரசின் கல்வி உரிமை அலுவலகத்தில் விசாரணை அதிகாரி. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் போனில் கேட்டாள். நிலவறையில் பத்தொன்பது நாள். தண்ணீர் பிடிக்க இரண்டு கேனோடு போன கணவன் போஹ்தான், "நான் வந்து தட்டற வரைக்கும் திறக்காதீங்க" என்று இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவன் தட்டவில்லை. மேலே இருந்த ஐந்து மாடியும் கதவின் மேல் விழுந்தது. தோண்டி எடுக்க இரண்டு நாள்.

"இதுக்காகத்தான் நாங்க இருக்கோம்மா," என்றாள் மார்லீன். புகார் எண்ணைக் கொடுத்தாள். அதை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள் ஓரிஸ்யா. அதன் பிறகுதான் அவளுக்கு இந்த நாட்டில் தூக்கம் வந்தது.

மார்ச்சில் மார்லீன் தன் காரிலிருந்து, சொந்தப் போனில் கூப்பிட்டாள். அலுவலகத்தையே மூடுகிறார்களாம். அரசாங்கச் செலவைக் குறைக்கிறார்களாம். "உங்க ஃபைலை யார் பாப்பாங்கன்னு எனக்கே தெரியல. பதிவேட்டு நகல எழுதிக் கேளுங்க. அந்த உரிமை மட்டும் இன்னும் இருக்கு." அதற்கப்புறம் அலுவலக எண்ணைக் கூப்பிட்டால் மெஷின்தான் பேசியது.

"தேதியப் பாருங்க அண்ணி," என்றாள் ஓரிஸ்யா. "ஆபீஸ மூடறதுக்கு முன்னாடி மூணே மூணு. ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம், ஆறு நிமிஷம். மூடின ரெண்டு மாசத்துல எட்டு, ஒத்திகை இல்லாத நாள்லயும். கடைசி நாப்பது நிமிஷம். நாப்பது நிமிஷம் விரல் வலிக்கலையா?"

"என் வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டு என்னையே விசாரிக்கிறியா?" வாலியாவின் கழுத்து சிவந்தது. "உன் பேப்பர்ல கையெழுத்துப் போட்டது யாரு? நான் முடியாதுன்னு சொன்னா வேலை போயிரும். இந்த வீட்டுக்குத் தவணை யார் கட்டறது? உன் பேக்கரிச் சம்பளமா? நான் இல்லேன்னா வேற ஒருத்தி நின்னிருப்பா. நானாவது கதவோரமா நின்னு நம்ம பாஷையில பேசினேன். அவ என் தம்பி பொண்ணுடி."

"தம்பி பொண்ணுன்னு தெரிஞ்சுமா?"

"அவ கத்தக்கூட இல்ல. உள்ள போனதும் அடங்கிடுவா. பாரு, அதையும் எழுதியிருக்கேன்."

எழுதித்தான் இருந்தது. கடைசிக் கட்டத்தில் பதினோரு முறையும் 'அமைதி'.

அந்த அமைதியைக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஓரிஸ்யாவுக்குத் தெரியும். நிலவறையில் தலைக்கு மேல் பூட்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் மகளின் வாயைத் தன் கையால் பொத்தி, மூச்சு விடாதே என்று பழக்கியவள் அவள்தான். சிப்பாய்க்குப் பயந்து கற்ற பாடம், பள்ளிக்கூடத்தில் நன்னடத்தை ஆகிவிட்டது.

திறந்தே கிடந்த சாமான் அறையின் கதவை அவள் பிடித்தாள்.

"உள்ள போங்க."

"என்னது?"

"போங்க அண்ணி. நான் பிடிச்சுக்கறேன். நாப்பது வேண்டாம். ஆறு நிமிஷம்."

வாலியா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மாவு படிந்த கையோடு, மாவு மூட்டைக்கும் ஊறுகாய் ஜாடிகளுக்கும் நடுவில் போய் நின்றாள். ஓரிஸ்யா கதவைச் சாத்திக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

இந்த வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. குளியலறைக்குக்கூடத் திரைதான். சத்தம் கேட்டு, கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்த ஸ்லாட்டா ஓடி வந்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். அலறவில்லை. தரையில் உட்கார்ந்து, கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்தாள்.

"அத்தை, உள்ள நீங்களா? ஒண்ணுலேர்ந்து எண்ணுங்க. முந்நூறு வரைக்கும்தான் கஷ்டம். அப்புறம் வாயப் பொத்தின கை தானா மரத்துப் போயிரும்."

உள்ளே ஏதோ ஜாடி உருண்டது. ஓரிஸ்யாவின் பிடி தானாக விட்டது.

வாலியா வெளியே வரவில்லை. கதவு திறந்த பிறகும் மூட்டையின் மேல் உட்கார்ந்தே இருந்தாள்.

"எண்ணச் சொல்லிக் குடுத்தது நாந்தான்," என்றாள். "விரல் பொத்தான்ல, வாய் கதவுல. நான் ஏதோ அவளுக்கு உதவி பண்றதா நெனச்சேன்டி."

ஸ்லாட்டா அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகள் மன்னிக்கிற வேகம், பெரியவர்களுக்குக் கிடைக்கிற தண்டனை.

"செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஒத்திகை," என்றாள் ஓரிஸ்யா. "நான் இவள அனுப்பல."

"அதிகாரிய அனுப்புவாங்க. பிள்ளைய ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. அதுக்கு மட்டும் ஆள் இருக்கு." வாலியா மூக்கைத் துடைத்தாள். முகமெல்லாம் மாவு. "நான் அழுத்த மாட்டேன். ஆனா நான் அழுத்தலேன்னா வேற கை."

"அந்த அறைக்கு எத்தன பிள்ளைங்க?"

"இவளோட சேத்து ஒம்பது."

"பேரு தெரியுமா?"

"எனக்குத் தெரியாம? ஒம்பதுக்கும் நாந்தானே நின்னேன்." ஜன்னல் வழியே வேலிப் பக்கம் கை காட்டினாள்: "பக்கத்து வீட்டு கேஸியும்."

பக்கத்து வீட்டு ரஸல் நல்ல மனிதன். போர் தொடங்கிய வாரமே வாசலில் நீலமும் மஞ்சளுமாக உக்ரைன் கொடியைக் கட்டியவன். இவர்கள் வந்து இறங்கிய அன்று ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தவன். மார்ச்சில் வேலியோரம் நின்று, "வாஷிங்டன் பேரச் சொல்லிச் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கினவங்கள எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, கேட்டியா ஓரிஸ்யா? நல்ல காலம் பொறந்துச்சு," என்று சொன்னவனும் அவன்தான். பேச்சு வராத அவன் மகள் கேஸிக்கு ஏழு வயது. பள்ளியில் என்ன நடந்தது என்று வீட்டில் வந்து சொல்ல முடியாத பிள்ளை.

"அவன் என்னைக் கொன்னுடுவான்," என்றாள் வாலியா.

"கொல்ல மாட்டான். கத்துவான். பதிவேட்ட எழுதிக் கேளுன்னு சொல்லணும். நான் வரேன்."

"வேலை போயிரும்."

"போகும்."

வாலியா எழுந்தாள். கையைக் கழுவவில்லை, கோட்டைப் போடவில்லை. பாதி கிள்ளிய வரேனிக்கி பலகையிலேயே கிடந்தது. ஸ்லாட்டா நடுவில், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில் இருந்த ஈரப் புல்லைக் கடந்தார்கள்.

கொடிக்குக் கீழே நின்று, வாலியா அழைப்பு மணியில் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. உள்ளே நாய் குரைத்தது. மணி விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மூடிய கதவை ஸ்லாட்டா பார்த்துக்கொண்டு நின்றாள், உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன.

ரஸல் கதவைத் திறந்தான். "என்ன வாலியா, வீடு பத்திக்கிச்சா? விரல எடும்மா முதல்ல."

வாலியா எடுத்தாள். வெள்ளைப் பொத்தானின் மேல் மாவு அப்பியிருந்தது.

"உன் பொண்ணு கேஸி," என்றாள். "பதினாலு தடவ, ரஸல். உள்ள வரலாமா?"