முருகம்மாளின் பதினாறு வரி

ஐந்தாவது பதிப்பகத்தின் பதில் வந்தபோது ஹெப்சிபா காலைப் பணியில் இருந்தாள். சிவகாசியில் தீக்காயப் பிரிவு நர்ஸாகப் பதினோரு வருடம். அந்த வார்டைப் பற்றித்தான் நாலு வருடம் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதியிருந்தாள். முந்தைய பதிப்பகங்களில் இரண்டு பதிலே போடவில்லை. இரண்டு, தங்கள் பட்டியலுக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டன. இந்த முறை பதிப்பாசிரியர் ஒருவர் முழுக்கப் படித்துவிட்டு எழுதியிருந்தார். அதுதான் அதிகமாக வலித்தது.

‘உங்கள் நாவலில் உடம்பெல்லாம் வெந்துபோன முருகம்மாள் பதினாறு வரி பேசுகிறாள். அந்த நிலையில் ஒருத்தி இப்படிப் பேசுவாள் என்று நம்ப முடியவில்லை.’

மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி படித்தாள். காது மடல் சுட்டது.

அவள் கணவன் ஜெபசுந்தர், ஆமத்தூரில் வாத்தியார். நாட்டுக்கே காலண்டரும் டைரியும் அடிக்கிற ஊரில் இருந்துகொண்டு எதற்குச் சென்னைக்காரர்கள் வாசலில் நிற்க வேண்டும், சித்தப்பா மகன் அச்சகத்தில் ஐந்நூறு பிரதி போட்டுவிடலாமே என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். அவள் ஒப்பவில்லை. தன் முகம் தெரியாத ஒருவர் படித்துவிட்டு, இது புத்தகம்தான் என்று சொல்ல வேண்டும். அது வெறும் வறட்டுப் பிடிவாதமோ என்று அன்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

‘பதினோரு வருடமாக நான் பார்க்கிறேன். நீங்கள் ஒரு நாளாவது இந்த வார்டுக்குள்’ என்று போனில் பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறை வெடித்திருந்தது. மூன்று பேர். இரண்டு பேரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். மூன்றாவதாக ஒரு பெண் தன் காலாலேயே நடந்து வந்தாள். அலறுகிறவர்களைவிட நடந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் ஹெப்சிபாவுக்குப் பயம் அதிகம். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் செத்துப்போய், வலியே தெரியாது.

சின்னத்தாய் என்று பெயர் சொன்னாள். வலது கை கண்முன்னே வீங்கிக்கொண்டிருந்தது, விரலில் ஒரு மோதிரம். மோதிரத்தை உடனே எடுக்காவிட்டால் விரல் போய்விடும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார். நூல் சுற்றி வழுக்கிக் கழற்றலாம் என்றால் விரலில் தோல் இல்லை. ஹெப்சிபா மோதிரம் வெட்டும் கருவியை எடுத்ததும் சின்னத்தாய் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

“வெட்டாதீக சிஸ்டர். எம் மக மோதிரம். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டு வரக் கூடாதுன்னுட்டாக, அதான் நான் போட்டுருக்கேன். சாயந்தரம் வந்து கேப்பா.”

“வெரலு வீங்குதுக்கா. ரத்த ஓட்டம் நின்னுரும்.”

“சோப்புப் போட்டுப் பாருங்க.”

அவ்வளவுதான். கடவுளைக் கூப்பிடவில்லை, முதலாளியைச் சபிக்கவில்லை. ஹெப்சிபா அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். காத்திருக்கிறோம் என்று உறைத்ததும் உடம்பு கூசியது. விரல் கறுத்துக்கொண்டு வருகிறது, நாம் நாவலுக்கு வரி கேட்டு நிற்கிறோமே.

“ஆசாரிகிட்ட குடுத்தா ஒட்டித் தந்துருவாருக்கா. ஒங்க மககிட்ட நானே சொல்றேன்.”

சின்னத்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினாள். ஹெப்சிபா வெட்டி எடுத்தாள். மோதிரத்தைத் துணியில் சுற்றி, ஓடி வந்திருந்த சின்னத்தாயின் புருஷன் நாகையாவிடம் கொடுத்து, மகளிடம் தான் சொன்னதாகச் சொல்லச் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் சின்னத்தாயை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பணி முடிந்து வீட்டுக்கு வந்தவள், பாதியில் நின்ற பதிலை அழித்தாள். முருகம்மாள் அத்தியாயத்தைத் திறந்தாள். அந்தப் பதினாறு வரியில் ஒன்றைக்கூட எந்த நோயாளியும் பேசியதில்லை. பதினோரு வருடமாகத் தான் பேச நினைத்ததையெல்லாம் முருகம்மாள் வாயில் போட்டிருந்தாள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரியாமல் இல்லை. எழுத உட்கார்ந்தபோது அந்தச் சாதாரணப் பேச்சு போதாது என்று பட்டிருக்கிறது. பதினாறையும் எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் சின்னத்தாயின் மோதிரப் பேச்சை வைக்கக் கை வரவில்லை. திருட்டாகத் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து சின்னத்தாய் கட்டு மாற்ற வந்தாள். விரல் பிழைத்திருந்தது, ஆனால் மடங்கவில்லை. ஹெப்சிபா தயங்கித் தயங்கி, நாவல் எழுதுவதைச் சொல்லி, மோதிரத்தை அதில் எழுதலாமா என்று கேட்டாள்.

“எழுதிக்கங்க. எம் பேரு மட்டும் வேண்டாம். தீவாளிச் சீசனுக்கு முன்னாடி வேலைக்குப் போகணும். கம்பெனிக்காரக கண்ணுல பட்டா சேக்க மாட்டாக.”

“இந்தக் கையோடயா?”

“எடது கை நல்லாத்தான இருக்கு.”

ஹெப்சிபா கட்டைச் சுற்றினாள்.

ஊரையும் மாற்றி, அத்தியாயத்தைத் திருத்தி, அதே பதிப்பாசிரியருக்கு அனுப்பினாள். இருபத்து மூன்று நாள் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பதில் வந்தது. அந்த அத்தியாயம் சரியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அதனாலேயே மற்ற இடங்களில் நீங்கள் குறுக்கே பேசுவது உரக்கக் கேட்கிறது, இப்படியே வெளியிட இயலாது என்றும் எழுதியிருந்தார்.

மூன்றாம் நாள் அவளுக்கு விடுமுறை. நாவலை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவோடு முதல் அத்தியாயத்திலிருந்து உட்கார்ந்தாள். மதியத்துக்குள் தான் குறுக்கே பேசுகிற பதினோரு இடம் அகப்பட்டது, அடித்தாள். பன்னிரண்டாவது, அவளுக்கு மிகவும் பிடித்த வரி. எழுந்து போய் உலை வைத்தாள். அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வந்து, அந்த வரியையும் அடித்தாள்.