வலது கைக்குப் போகும் பந்து

"நீ ப்ரொபஷனல்டா ரஹ்மத்துல்லா" என்று வக்கீல் பெருமாள்சாமி சொன்னபோது, என்னைப் பாராட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்தும் வைத்தேன்.

"சிரிக்காதே. அதனாலதான் உன் பேரைச் சேர்க்க முடியாது" என்றார்.

அறுபத்திரண்டாம் வருஷம். திண்டுக்கல்லில் எங்கள் கிளப்பில் டென்னிஸ் டோர்னமெண்ட் நடத்துவதாக முடிவாகியிருந்தது. வக்கீல்தான் கிளப் செக்ரட்டரி. நான் அங்கே மார்க்கர். காலையில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். சாயங்காலம் மெம்பர்கள் வந்ததும் அவர்களோடு ஆட வேண்டும். அதற்குச் சம்பளம். சம்பளம் வாங்கி ஆடுகிறவன் ப்ரொபஷனல், சும்மா ஆடுகிறவர் அமெச்சூர், அமெச்சூர்கள் மட்டும்தான் டோர்னமெண்டில் ஆடலாம் என்று வக்கீல் விளக்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் அத்தா பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தார். அங்கே சம்பளம் வாங்குகிறவனைத்தான் வேலை தெரிந்தவன் என்பார்கள். சும்மா வந்து தோலைத் தடவிப் பார்க்கிறவனை வாசலோடு அனுப்பிவிடுவார்கள். டென்னிஸில் மட்டும் எல்லாமே தலைகீழாக இருந்தது.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதப்பு" என்றார் வக்கீல். "கடைசி நாள் மார்க்கர்களுக்குன்னு தனியா ஒரு மேட்ச் வச்சிருக்கோம். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு மார்க்கர் வாரான். மெட்ராஸ்லருந்து ஒரு பெரிய கிளப்போட செக்ரட்டரியும் வாராரு. அவங்களுக்கு ஒரு ஆளு வேணுமாம். நீ ஜெயிச்சிரு, உன்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருவாரு."

அன்றிலிருந்து எனக்கு மெட்ராஸ் பைத்தியம் பிடித்தது. அங்கே புல் தரையில் ஆடுவார்களாம். பேப்பரில் பேர் வருகிற ஆட்டக்காரர்கள் வருவார்களாம். அவர்களுக்கு எதிரே நின்றால் நான் ஆட்டக்காரன்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். ஏனென்றால் எனக்கு அது தெரியவே தெரியாது.

எப்படித் தெரியும்? நான் ஜெயித்ததே கிடையாது. எனக்கு முன்னால் இருந்த மார்க்கர் ஒரு தாசில்தாரை ஜெயித்துவிட்டு வேலையைத் தொலைத்தவர். வந்த புதிதிலேயே தோட்டக்காரர் என் காதில் இதைப் போட்டுவிட்டார். அதனால் மெம்பர்களிடம் தோற்க வேண்டும். அதிலும் ஆறு-பூஜ்யம் என்று தோற்றால் கோபம் வரும்; மரியாதையாக ஆறு-நாலில் தோற்க வேண்டும். பந்தை அவர்களுடைய வலது கைக்குப் பதமாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வக்கீலுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தப் பக்கம் பந்து போனால் காக்காய் பறந்துபோன மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் நான் பந்து போட்டதில்லை. இதெல்லாம் கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

மார்க்கர் மேட்ச் அன்று மலைக்கோட்டைப் பக்கம் வெயில் சாய்ந்ததும் நாற்காலிகள் நிரம்பின. பொள்ளாச்சிப் பக்கத்து மார்க்கரின் பேர் நாச்சிமுத்து. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். கும்பிட்டுவிட்டு ஆடத் தொடங்கினோம்.

நான் அடித்த பந்து அவருடைய வலது கைக்குப் போனது. அவர் அடித்தது என்னுடைய வலது கைக்கு வந்தது. மறுபடி அவர் கைக்கு. மறுபடி என் கைக்கு. பந்து கீழே விழவே இல்லை. முதலில் கைதட்டினார்கள். பிறகு கைதட்டல் நின்றுவிட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரோ சோர்ந்துபோய் ஒரு பந்தை நெட்டில் அடித்தால் ஒரு பாயிண்ட். இப்படியே ஆளுக்கு ஒரு செட் ஆனது. அது எப்படி ஆனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"ஏலே, ஆட வந்தீங்களா, சம்பந்தி வீட்டுப் பந்தியில பரிமாற வந்தீங்களா?" என்று ஒருவர் கத்தினார்.

தண்ணீர் குடிக்கப் போனபோது நாச்சிமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, எனக்கு விட்டுத் தர்றீங்களா? எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குன்னு ஆராச்சும் சொன்னாங்களா? பாவம் பாக்க வேண்டாமுங்க."

எனக்கும் கோபம் வந்தது. "நானாண்ணே விட்டுத் தாரேன்? நீங்கதான் சின்னப் பயன்னு எனக்கு வலது கைக்கே போட்டுக்கிட்டு இருக்கீங்க!"

அவர் தன் கையைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

"நான் ஜெயிக்கோணும்னுதானுங்க ஆடறேன்" என்றார் மெதுவாக.

"நானும்தாண்ணே."

கோர்ட்டுக்குத் திரும்பினோம்.

இடது பக்கம் போட வேண்டும். இதிலென்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பந்தைத் திருப்பி அடித்தேன், கோட்டுக்கு வெளியே போனது. அடுத்ததை நெட்டில் அடித்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணும் அப்படித்தான், அவருடைய வலது கையையே போய்ப் போய்ப் பார்த்தது. கடைசியில் அவரைப் பார்க்காமலே ஓங்கி அடித்தேன். பந்து இடது மூலையில், சுண்ணாம்புக் கோட்டில் பட்டுத் தெறித்தது. நாச்சிமுத்து நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அந்தப் பக்கம் யாராவது அடிப்பார்கள் என்றே அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

"சாரி சார்!" என்று என் வாய் தானாகக் கத்தியது.

கூட்டம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்தப் பந்து விழுந்த சத்தம் இருக்கிறதே, அது இனித்தது. மறுபடி அடித்தேன். மறுபடி விழுந்தது. நாச்சிமுத்து ஓட ஆரம்பித்தார், எட்டிப் பிடித்தார், வியர்த்துக் கொட்டினார். ஆனால் எடுத்த பந்தையெல்லாம் என் வலது கைக்கே அனுப்பினார். கடைசி செட்டை ஆறு-இரண்டில் ஜெயித்தேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் மேட்ச். நெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மெட்ராஸ் செக்ரட்டரி எழுந்து வந்தார். என் கையைக் குலுக்கி, "நல்ல ஆட்டம்" என்றார். பிறகு என்னைத் தாண்டிப் போய் நாச்சிமுத்துவின் தோளில் கை வைத்தார். "நீ எப்போ மெட்ராஸ் வர முடியும்?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் வக்கீலைப் பார்த்தேன். வக்கீல்தான் கேட்டார்: "சார், ஜெயிச்சது எங்க பையனாச்சே?"

"அதுக்கென்ன? எங்க மெம்பர்ஸ் எல்லாம் வயசானவங்க. ஜட்ஜ், டாக்டர்னு பெரிய மனுஷங்க. இவர் தோத்துப்போற நேரத்துலகூட பந்தை எதிராளி கைக்கே கொடுத்தார் பாருங்க, எங்களுக்கு அதுதான் வேணும். உங்க பையன் ஜெயிக்கறதுக்கு ஆடறான். நல்லாத்தான் ஆடறான்."

நல்லா ஆடினால் என்னைத்தானே எடுக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நாச்சிமுத்துவோடு நடந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "அண்ணே, இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் தோத்தீங்களா?"

"சத்தியமா இல்லீங்க தம்பி. நீங்க இடது பக்கம் போட்டீங்க, என்னால எடுக்க முடியல. நானும் அந்தப் பக்கம் போட்டுப் பாத்தனுங்க. கை போகல. நீங்க ஜெயிச்சீங்க. அதுல சந்தேகமே வேண்டாம்." கொஞ்ச தூரம் நடந்ததும், "வூட்ல போயி வேலை கெடச்சிருச்சுன்னு சொல்றதா, தோத்துட்டேன்னு சொல்றதா, ஒண்ணும் புரியலீங்க" என்றார்.

வீட்டில் அத்தா வாசலிலேயே நின்றார். "ஜெயிச்சியாப்பு?"

"ஜெயிச்சுட்டேன்த்தா."

"அல்ஹம்துலில்லா! அப்ப மெட்ராஸுக்கு எப்பப் போற?"

"தோத்தவரைத்தான் கூட்டிட்டுப் போறாங்க."

அத்தா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெயிலில் ஆடிக் காய்ச்சல் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நானே அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வக்கீல் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார். புதுப் பந்துகள் வேறு கொண்டுவந்திருந்தார். இன்றைக்கு ஒரே ஒரு செட்டாவது இவரிடம் இடது பக்கம் அடித்து ஆடிவிட வேண்டும், வேலை போனால் போகட்டும் என்ற முடிவோடு நான் நின்றேன்.

"சார், இன்னிக்கு ஒரு செட்டு உள்ளபடி ஆடட்டுங்களா?"

"உள்ளபடின்னா?" வக்கீல் சிரித்தார். "இம்புட்டு நாளா எப்படிடா ஆடின?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நான் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

பேட்டைக் கையில் உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன் ரஹ்மத்துல்லா. நீ ஜெயிச்ச ஆளு. உன்னை நான் தினமும் ஜெயிக்கிறேன். அப்ப நான் யாருடா? அம்பத்திரண்டு வயசாச்சு. சின்ன வயசுல என்னை யாராச்சும் கவனிச்சிருந்தா..." சொல்லி முடிக்க முடியாமல் கோர்ட்டைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சாட்சிக் கூண்டில் எத்தனையோ பேரை அழவைத்த மனிதர், சந்தோஷத்தில் பையன் மாதிரி நின்றார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் என்னதான் செய்வது?

"சொல்லு, உள்ளபடின்னா என்ன?" என்றார் மறுபடி. இந்தத் தடவை குரலில் லேசாக ஒரு பயம் இருந்தது.

"ஒண்ணுமில்ல சார். நேத்து ஆடுனதுல கை வலிக்குது. செத்த மெதுவா ஆடலாமான்னு கேட்டேன்."

"அட, அம்புட்டுதானா!" அவர் முகம் மலர்ந்தது.

ஆடினோம். ஒவ்வொரு பந்துக்கும் அவருடைய இடது பக்கம் வெறிச்சென்று திறந்து கிடந்தது. இப்போது என் கை அங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்துப் பிடித்து வலது பக்கமே போட்டேன். இத்தனை நாள் தோற்றதில் ஒன்றுமே வலித்ததில்லை. அன்று ஒவ்வொரு பாயிண்ட்டும் வலித்தது. ஆறு-நாலு.

வக்கீல் கேட் வரை போய்த் திரும்பினார். "நாளைக்குக் கை வலி கிலின்னு சொல்லக் கூடாது. நேத்து ஆடின மாதிரி ஆடணும். நானும் விட மாட்டேன், ஆமா!"

"சரி சார்" என்றேன். அவர் போன பிறகு நெட்டைக்கூட அவிழ்க்காமல், விடியக் கூடாது என்று நினைத்துக்கொண்டு கோர்ட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.