மிச்ச எடை

சிலிண்டரைத் தராசில் ஏற்றினால் ஒரு வீட்டின் லட்சணம் தெரிந்துவிடும். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரின் ஒரே கேஸ் நிரப்பும் நிலையத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முதலில் சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அடித்திருக்கும் காலி எடையைப் படிப்பேன். தராசு காட்டுகிற எடையிலிருந்து அதைக் கழித்தால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று வரும். அதைச் சாக்பீஸால் சிலிண்டரின் வயிற்றில் எழுதிவிட்டுத்தான் குழாயை மாட்டுவேன். இரண்டு மாதம் ஓடுகிற சிலிண்டர் ஒரே மாதத்தில் காலியாகி வந்தால் வீட்டில் விருந்தாளி. நாலு மாதம் இழுத்தால் வீட்டில் சண்டை, ஆளாளுக்கு வெளியே சாப்பிடுகிறார்கள். தையல்காரரின் மனைவி கோபித்துக்கொண்டு போன விஷயம், அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

ஜனங்களுக்கு இந்தக் கணக்கு ஏறவே ஏறாது. ரெகுலேட்டரில் இருக்கும் முள்ளைப் பார்த்துவிட்டு "இன்னும் நெறைய இருக்கு" என்பார்கள். அந்த முள் காட்டுவது அழுத்தம். கேஸ் தீர்கிற வரைக்கும் நின்ற இடத்தில் நின்றுவிட்டு, அடுப்பு அணையப் போகிற நேரத்தில்தான் பொத்தென்று விழும். வெந்நீரை மேலிருந்து ஊற்றித் தடவிப் பாருங்கள், கை ஜில்லென்று ஆகிற இடம் வரைக்கும் கேஸ் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் எனக்கு மிச்சம்.

என் தங்கை வீட்டுச் செய்தியும் நாலு வருடமாக எனக்குத் தராசு வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிய அன்று நான் டேங்கரிலிருந்து கேஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற வேலை இல்லை அது. போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். "டேங்கருக்குக் குடுத்த மரியாதைய அம்மாவுக்குக் குடுக்கல" என்று அத்தனை பேர் முன்னாலும் தங்கை சொன்னாள். நானும் சும்மா இருக்கவில்லை. "இனிமே உன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றேன். "மிதிக்காத" என்றாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பிடிவாதம் மட்டும் வேறாகவா இருக்கும்? அதோடு பேச்சு அறுந்தது.

ஆனால் ஊரில் வேறு நிலையம் கிடையாது. அவள் கணவர் என்னிடம்தான் வந்தாக வேண்டும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர். பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு, முன் சீட்டுக்குப் பின்னால் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வருவார். "வாங்க மாப்பிள்ளை" என்பேன். நிரப்பி முடித்ததும் "வரேன் மச்சான்" என்பார். நடுவில் பேச்சே கிடையாது. பதினோரு கிலோ சிலிண்டர் அவர்கள் இரண்டு பேருக்கும் ஐம்பது நாள் வரும். நாள் பிசகாது. சரி, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நானும் விட்டுவிடுவேன்.

இந்த வருடம் குளிரும் மழையும் தொடங்கிய பிறகு அந்தக் கணக்கு மாறியது. ஐம்பது நாள் முப்பதானது. முப்பது இருபதானது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் துடைத்து வைத்த மாதிரி காலி. எனக்கு உள்ளே எரிந்தது. யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் அந்த வீட்டில்? தினமும் யாருக்கு ஆக்கிப் போடுகிறாள்? அவர் பக்கத்துச் சொந்தமெல்லாம் கூடாரம் போட்டிருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் ஒருத்தன் அரை மைலில் இருக்கிறான், அவனை ஒரு வேளைக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. அவ்வளவு ஆகாதவனாகப் போய்விட்டேன்.

"என்ன, வீட்ல ஆள் அதிகமோ?" என்று ஒருநாள் கேட்டேன். நாலு வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது. கேள்வியில் இருந்த குத்தல் அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "அதெல்லாம் இல்ல மச்சான்" என்று வேறு பக்கம் பார்த்தார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். கன்னம் ஒட்டிப்போய், மழிக்காத தாடியோடு நின்றதைப் பார்க்கத்தான் பார்த்தேன். விருந்தாளிகளைச் சமாளித்தே மனிதர் இளைத்துவிட்டார் என்று மனதுக்குள் நக்கலடித்துக்கொண்டேன். நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

அப்புறம் ஆறு பெருகிப் பாலம் மூழ்கியது. டேங்கர் அக்கரையில் நின்றுவிட்டது. எங்கள் பெரிய தொட்டியின் முள் இருபது சதவீதத்துக்கு வந்ததும் முதலாளி போனில் கத்தினார். வீட்டுக்கு ஒரு சிலிண்டர், மாதத்துக்கு ஒரு தடவை, அதற்குமேல் யாராக இருந்தாலும் கிடையாது. மறுநாள் காலையிலேயே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பத்தோ பதினொன்றோ ஆளுக்குப் பின்னால் வேன்காரரும் நின்றார். அவருக்கு நிரப்பிக் கொடுத்துச் சரியாகப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

அவர் முறை வந்ததும் தராசில் ஏற்றினேன். காலி.

"பதினோரு நாள்ல பதினோரு கிலோவா?" என்றேன். வரிசைக்கே கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"கொஞ்சம் அவசரம் மச்சான்."

"இங்க நிக்கற எல்லாருக்கும் அவசரம்தான். இந்த மாசம் வீட்டுக்கு ஒண்ணு. உங்களுக்குக் குடுத்தாச்சு."

"பாதியாவது போடுங்க. ரெண்டு கிலோ போட்டாக்கூடப் போதும்."

"தெனமும் விருந்து போட்டா எங்கேர்ந்து பத்தும்? வந்தவங்களை அவங்கவங்க வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரே தராசிலிருந்து இறக்கிக்கொண்டார். காலி சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மழையில் வேனுக்கு நடந்தார். அன்று முழுவதும் எனக்கு ஒரு தெம்பு இருந்தது. வெளியே சொன்னால் அசிங்கம், ஆனால் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நர்ஸ் வந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்கிறவர். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் ஒரு குட்டிச் சிலிண்டர் இருந்தது. அதற்குள் பெரிய தொட்டியின் முள் பத்துக்கு இறங்கி, பம்ப் இழுக்க மறுத்து, வாசலில் 'கேஸ் இல்லை' பலகையும் மாட்டியாகிவிட்டது.

"பலகையைப் பார்த்தேன், நெரப்ப வரல" என்றார். "இதுல எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு வீட்டுக்குக் குடுக்கணும்."

எடை போட்டுக் கழித்தேன். "எண்ணூறு கிராம். யார் வீட்டுக்கு?"

"ஸ்கூல் வேன் ஓட்டுறாரே, அவர் வீட்டுக்கு. ரெண்டு நாளா அங்க அடுப்பு எரியல. அந்தம்மாவுக்கு வயித்துல புற்று. நாலு மாசமா படுக்கை. விரிப்பு, துணி எல்லாத்தையும் கொதிக்க வெச்சு அலசணும். ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீர்ல ஒடம்பு தொடைக்கணும். குளிர் தாங்கல, கேஸ் ஹீட்டர் அணையவே கூடாது. அவரு நாற்காலிய ஒடைச்சுக் கொல்லையில எரிச்சுக்கிட்டிருக்காரு, மழையில அது எரியுதா என்ன? இங்க வந்து கேட்டாராம். யாரோ கிண்டல் பண்ணித் திருப்பி அனுப்பினாங்களாம்."

"சமையல்..." என்றேன்.

"சமையலா? அந்தம்மா ஸ்பூன்ல தண்ணி குடிக்கறாங்க. அவரு ரொட்டிய டீல நனைச்சுத் தின்னுட்டு ஓடறாரு. சமையல் பண்ணி எத்தனை நாளாச்சோ."

தராசு எவ்வளவு எரிந்தது என்று சொல்லும். எதற்கு எரிந்தது என்று சொல்லாது. இத்தனை வருடம் அதன் முன்னால் நின்றும் இது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

"யாரோ இல்ல, நான்தான்" என்றேன். "அது என் தங்கச்சி."

நர்ஸ் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. குட்டிச் சிலிண்டரை எடுத்து ஸ்கூட்டரில் வைத்தார். "அப்ப கெளம்புங்க" என்றார்.

நிலையத்தின் பின்னறையில்தான் நான் ஒண்டிக்கட்டையாகக் குடியிருக்கிறேன். ஓடிப்போய் என் அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றினேன். அவசரத்தில் ரெகுலேட்டர் இரண்டு தடவை நழுவியது. பழக்கதோஷம், அதையும் தராசில் ஏற்றினேன். மிச்சம் ஏழு கிலோ. மூன்று சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு நர்ஸின் ஸ்கூட்டருக்குப் பின்னால் மழையில் மிதித்தேன். உயிரோடு பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை.

கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, காயாத விரிப்புகளைப் போட்டிருந்தார்கள். மருந்து நெடியும் ஈரத்துணி நாற்றமும் மூக்கில் ஏறின. விரிப்புகளை விலக்கிக்கொண்டு வேன்காரர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் தோளில் இருந்த சிலிண்டரைத்தான் பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை?" என்றேன். இதிலும் பழியை அவர் தலையில் போடப் பார்க்கிறேன் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"அவ சொல்ல விடல மச்சான். சத்தியம் வாங்கிக்கிட்டா. எங்க அண்ணனுக்கு சிலிண்டரைத் தூக்கினாலே தெரிஞ்சிடும், தானா வரட்டும்னு சொல்லிட்டா. ஒவ்வொரு தடவையும் நான் காலி சிலிண்டரை எடுத்துக்கிட்டுக் கெளம்பறப்ப, தலை வாரிவிடச் சொல்வா. இன்னைக்குக் கட்டாயம் வருவான்னு."

"முந்தாநாளுமா?"

"முந்தாநாளும்தான்."

தோளிலிருந்து சிலிண்டரை இறக்கிவைத்தேன். அப்புறம் உள்ளே போனேன்.

கட்டிலில் போர்வைதான் கிடப்பதாக முதலில் நினைத்தேன். முகம் பிறகுதான் தெரிந்தது. இன்று தலை வாரியிருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவ்வளவு குளிர்ந்த கையை நான் பிடித்ததில்லை. கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்."

"இத்தனை நாள்... என்னன்னு நெனச்ச?"

பொய் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "உங்க வீட்ல விருந்து நடக்குதுன்னு நெனச்சேன்" என்றேன்.

என்னையே பார்த்தாள். சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது, ஏனென்றால் சத்தமே வரவில்லை.

"உன்னைக் கூப்பிடலன்னு... கோவமா?"

"ஆமா."

"லூசு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். சமையலறைக்குப் போய்ச் சிலிண்டரை மாட்டினேன். வாஷரைப் பார்த்தேன், சோப்பு நுரையைத் தடவிக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தேன். ஹீட்டரைப் பற்றவைத்தேன். பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன். நர்ஸ் முதல் குவளை வெந்நீரை எடுத்துப்போய்த் துண்டை நனைத்துப் பிழிந்து, தங்கையின் கையைத் துடைக்கத் தொடங்கினார். வேன்காரர் அறை வாசலில் நின்று ஹீட்டரின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளைக்கு வரும் மச்சான்?" என்று கேட்டார்.

ஆயிரம் பேர் என்னிடம் கேட்ட கேள்விதான். இந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு கிலோ எரிகிறது.

"ஏழு நாள் வரும்" என்றேன். "அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிடும், டேங்கர் வந்துடும். வந்ததும் மொத சிலிண்டர் இங்கதான். நானே கொண்டாரேன். அடுத்ததும் கொண்டாரேன். எத்தனை வேணும்னாலும்..."

நர்ஸ் துண்டை மறுபடி வெந்நீரில் நனைத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏழு நாள் போதும்" என்றார்.

வேன்காரர் மெதுவாகத் தலையை ஆட்டினார். அது தெரியாமல் அந்த வீட்டில் நின்றவன் நான் ஒருவன்தான்.