பிரேசர் டவுனில் ஒரு மாமர நிழல்

1996 ஜூன் முதல் பெங்களூர் பிரேசர் டவுனில் கேத்தரின் டீச்சர் வீட்டின் மேல் ஒரு மாமரத்தின் நிழல் விழுந்தது. மரம் அங்கே இல்லை. தான்சானியாவில், ஓர் ஏரிக்கரைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் எதிரே அது நின்றது. அங்கே காற்றடித்தால் இங்கே மொட்டை மாடியில் இலைகளின் நிழல் ஆடியது. அங்கே மரம் காய்த்தபோது இங்கே காம்பவுண்டுச் சுவரில் மாங்காய் நிழல்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து பார்த்தார்கள். மாங்காய் விழவில்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிதான் விழுந்தது. கிளை கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று யாரோ புகார் கொடுக்க, வெட்ட வந்த ஆட்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெட்ட ஒன்றும் இல்லாததால் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் டீச்சரின் வாயால் வந்தது. அந்த மே மாதம் டீச்சரின் திருச்சபை ஐந்து பேரை அந்தக் கிராமத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அனுப்பியிருந்தது. டென்சில் குழுத் தலைவர். கேத்தரின் கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் மகள். தாஸுக்கு வாழ்க்கைப்பட்டு பெங்களூர் வந்தவர். ஞாயிறு பள்ளியை வெகுகாலமாக நடத்துபவர். அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் போதாமல் வகுப்பெல்லாம் மாமரத்தடியில்தான். டீச்சர் ஃபிளானல் துணியில் நோவாவின் பேழையையும் விலங்குகளையும் ஒட்டிக் காட்டினார். யானை இவ்வளவு சாதுவாக வரிசையில் நிற்காது என்று பிள்ளைகள் சொன்னார்கள், டீச்சர் ஒத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாடு ஊரார் வீடுகளில். மக்காச்சோளக் களி, களி தின்று வளர்ந்த தங்கவயல்காரிக்கு அமிர்தம். நம் சபைகளில் ஒருவர் வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையையாவது புகழாமல் வந்தால் தலைக்கனம் என்பார்கள். அந்தப் பழக்கத்தில் டீச்சர் ஒரு வீட்டில் கோழியைப் புகழ்ந்தார், இன்னொரு வீட்டில் பாயை. சாயங்காலம் கோழியும் பாயும் வேனில் இருந்தன. விருந்தாளி நல்லது என்று சொன்ன பொருள் விருந்தாளிக்கே என்பது அந்த ஊர் வழக்கம். வாங்க மறுத்தால் வீட்டாருக்கு அவமானம். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அதைவிட மோசம். டென்சில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"வாயக் கொஞ்சம் கட்டுங்க டீச்சர். வுட்டா ஊரையே வேன்ல ஏத்திடுவாங்க."

டீச்சர் கட்டினார். ஆனால் கடைசி நாள், வெயில் மண்டையைப் பிளந்தபோது, மரத்தில் சாய்ந்துகொண்டு, என்ன அருமையான நிழல் என்று தன்னை மறந்து சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் யோனா, நரைத்த மனிதர், ஒரு கணம் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, உங்களுடையதுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து டீச்சர் நன்றி சொன்னார்.

நிழல் டீச்சர் போகும் இடமெல்லாம் போனது. சபையில் கல்யாணம் என்றால் ஷாமியானா போடுவதை விட்டுவிட்டு டீச்சரைச் சீக்கிரமே வரச்சொன்னார்கள். கணவர் தாஸ், ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரோடு வாசல் நிழலில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார். ஞாயிறு ஆராதனையில் டீச்சர் நிழல் கிடைத்ததைச் சாட்சியாகவே சொன்னார். உண்மையில் டீச்சருக்கு அந்த நிழல் ரொம்பப் பிடித்திருந்தது.

மறு வருடம் யோனா டென்சிலுக்குப் போன் செய்தார். மழை தாமதம், ஏரியில் மீன் குறைவு என்று ஊர் சமாச்சாரமெல்லாம் சொல்லிவிட்டு, அதே குரலில், மாமரத்துக்கு இப்போது நிழல் இல்லை, பிள்ளைகள் வெயிலில் உட்காருகிறார்கள், ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள், பாதிப் பேர் பள்ளிக்கு வருவதில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதிலிருந்து கேத்தரினுக்குச் சோறு இறங்கவில்லை. பச்சைப் பிள்ளைகள் தலைமேல் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஊர்க் கல்யாணங்களில் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நிழலைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் கெஞ்சினார். யோனா மனம் புண்பட்டுப் போனை வைத்துவிட்டார். ஒரே வழிதான் இருந்தது. அந்த ஊர்க்காரர் யாராவது விருந்தாளியாக வந்து, நிழல் நல்லது என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சபை யோனாவையே அழைத்தது. அவர் வந்து சேரும்போது 1999 ஆகிவிட்டது.

நிழலின் நட்டநடுவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, சபையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. யோனா நல்ல குடும்பத்துப் பிள்ளை. அந்த ஊரில் நல்ல குடும்பத்தார் விருந்துக்குப் போன இடத்தில் எதையும் புகழமாட்டார்கள். பிரியாணியில் உப்புக் கரிக்கிறது என்றார். கோயில் மணி கரகரக்கிறது என்றார். டென்சில் வெட்கத்தை விட்டு நிழலைப் பற்றிக் கேட்டதற்கு, அங்கங்கே ஓட்டை என்றார். நாட்கள் இப்படியே போயின. டீச்சருக்கு அழுது அழுது முகம் வீங்கிவிட்டது.

புறப்படும் நாள் ஆட்டோ வாசலில் நின்றது. யோனா பெட்டியைத் தூக்கினார். நிழலைப் பார்க்கவில்லை, கேத்தரினைப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமான ஆங்கிலத்தில், இந்த வீட்டில் ஒரு நல்ல டீச்சர் இருக்கிறார் என்றார்.

அத்தனை பேரும் தாஸைத் திரும்பிப் பார்த்தார்கள். தாஸின் முகத்தில் ரத்தமே இல்லை. டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர ஏன் பாக்கறீங்க? என்னைக் குடுக்க அவரு யாரு? நானே குடுத்துக்கறேன்."

யோனா தனியாகப் போனார், டீச்சருக்கு விசா வர மாதங்கள் ஆயின. அவ்வளவு நாளும் தாஸ் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேத்தரின் நின்றிருப்பார். அது தெரிந்துதான் தாஸ் சொல்லவில்லை. கிளம்பும்போது உள்ளே போய் கேத்தரினின் ஸ்வெட்டரை எடுத்துவந்து பையில் திணித்தார்.

"அங்க நெழல்லயே உக்காந்திருப்ப கேத்தி. சளி புடிக்கும்."

ஆட்டோ போனது, நிழல் அதன் பின்னால் போனது, சிக்னலில் அதுவும் நின்று, பிறகு நகர்ந்தது. இப்போது அந்தக் கிராமத்தில் வகுப்பு மரத்தடியில் நடக்கிறது, பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். அங்கே பெரிய லீவு விட்டதும் டீச்சர் பிரேசர் டவுனுக்கு வருவார். ஆள் நுழையச் சின்ன கேட்டே போதும். தாஸ் பெரிய கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார்.