எறங்கிப் போன இரும்பு

டீ டைமுக்கு வெளிய வந்து கையொறைய கழட்டறதுக்குள்ள போன் அடிச்சுது. சந்திரலேகாதான். கரியாலூர் பக்கம் எங்க வூட்டாண்ட டவர் கெடையாது, மிளகு தோட்டத்துக்கு மேல இருக்கற பாறையில ஏறி வந்துதான் பேசுவா. அதனால எடுத்ததும் அவ மூச்சு வாங்கற சத்தந்தான் மொதல்ல கேக்கும். புனே பக்கத்துல சாக்கனுக்கு நான் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. பொண்டாட்டியோட மூச்சுதான் எனக்கு ஊரு மாதிரி. அன்னிக்கு அது அடங்கறதுக்கு முன்னாடியே சொன்னா.

"மாமா, புக்குல தப்பா போட்டுக்குது."

அவ பத்தாவதுல சயின்ஸ்ல மட்டும் ரெண்டு மார்க்குல போனவ. பன்னெண்டு வருசமா அதப் பத்தி வாயத் தொறக்கல. இப்ப எங்க ஊரு அங்கன்வாடியில ஒதவியாளர் அம்மா ரிட்டையர் ஆவறாங்க, பத்தாவது பாஸ்னா எழுதிப் போடலாம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அந்த வேலை கெடச்சா நான் மூட்டைய கட்டிக்கினு வந்துடறதுன்னு எங்களுக்குள்ள பேச்சு. ஜூலையில பரீட்சை. அன்னிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்துச்சு.

தகராறு வினைதிறன் வரிசையில. பொட்டாசியம், சோடியம்னு மேல ஆரம்பிச்சு தங்கம், பிளாட்டினம்னு கீழ முடியுமே, அது. கேட்டா மூச்சு வுடாம ஒப்பிப்பா. மேல இருக்கற உலோகம், கீழ இருக்கறத கரைசல்ல இருந்து தொரத்திட்டு அந்த எடத்த புடிச்சுக்குமாம். அதுல இரும்பு மேல, தாமிரம் கீழ. இதத்தான் அவளால ஒத்துக்க முடியல. மழை புடிக்கறதுக்கு முன்னாடி மிளகு கொடிக்கு நாங்க மருந்து அடிப்போம். புக்குல காப்பர் சல்பேட்டுன்னு போட்டுக்கற மயில்துத்தத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்ல கரைப்போம், சுண்ணாம்ப இன்னொண்ணுல. ரெண்டையும் சேத்துட்டு அருவாவ முக்கிப் பாப்போம். அருவா செவந்தா சுண்ணாம்பு பத்தல, இன்னும் ஊத்தணும். செவக்கலன்னா அடிக்கலாம். அந்த செவப்பு தாமிரந்தான். சின்ன வயசுல இருந்து அவ பாத்தது அது.

"இரும்பு மேல செம்பு ஏறி ஒக்காந்துக்குது. ஏறினவன் ஜெயிச்சவனா, அடியில கெடக்கறவனா? அன்னிக்கும் பரீட்சையில எது பலசாலின்னு கேட்டதுக்கு தாமிரம்னுதான் எழுதனேன்."

அந்த ரெண்டு மார்க்கு அதுலதான் போயிருக்கும்னு அவ சொல்லல. நானும் கேக்கல. கேக்கறதுக்கு எனக்கு இன்னா தெரியும்? நான் எட்டாவது. எங்க கம்பெனியில கரண்டு டவருக்கு வேண்டிய இரும்ப ஆசிட்ல கழுவி, கொதிக்கற ஜிங்க் தொட்டியில முக்கி எடுப்போம். ஜிங்க் பலசாலி, அதான் மேல நின்னு துருவு வராம காப்பாத்துதுன்னு சூப்பர்வைசர் வந்த அன்னிக்கே சொன்னாரு. அத வெச்சு நானும், ஆமா, மேல இருக்கறதுதான் பெருசு, நீ சொல்றதுதான் சரின்னுட்டேன். அவளுக்கு ஒரே சந்தோசம். நாலு நாள் அப்பிடியே படிச்சிருக்கா.

ரூம்ல என் கூட இருக்கறவன் சுபைர். கள்ளக்குறிச்சி டவுன்ல அவங்க அத்தாவுக்கு பாத்திரக்கடை, இவன் ப்ளஸ் டூ முடிச்சவன். ஞாயித்துக்கெழம துணி தொவைக்கறப்ப பேச்சு வாக்குல அவன்கிட்ட சொன்னேன். சோப்ப கீழ வெச்சுட்டு சிரிச்சான். ஜிங்க் மேல நிக்கறது நாம முக்கறதால, அதுவா ஏறலன்னான். அப்புறம் என் மூஞ்சிய பாத்துட்டு சிரிப்ப நிறுத்திட்டான்.

"மாயவா, போன போடு. பாஸாவற புள்ளய நீயே பெயிலாக்கிடாத."

போட்டேன். புக்குதான் சரியாம், அப்பிடியே எழுதிடுன்னேன். அவளுக்கு கோவம் வந்துடுச்சு. நீயே சரின்ன, இப்ப நீயே தப்புன்ற, கண்ணால பாத்தத வுட்டுட்டு எப்பிடி எழுதறதுன்னு கேட்டா. பாறையில இருந்து எறங்கற சத்தம் கேட்டுச்சு. மூணு நாள் போன் வரல. தொட்டியாண்ட நிக்கறப்ப எல்லாம் எனக்கு அதே நெனப்பு. நான் சொன்ன ஒரு வார்த்தையில அவ மறுபடியும் பெயிலாயிட்டா?

நாலாம் நாள் காலையில ஷிஃப்டுக்கு கெளம்பிக்கினு இருந்தேன். போன்ல ரொம்ப நேரம் மூச்சு மட்டுந்தான். மிச்சமிருந்த மயில்துத்தத் தண்ணியில பல்லு வெச்ச பழைய கருக்கருவாவ போட்டு மூணு நாள் வெச்சிருக்கா. தண்ணியில நீலம் போயி லேசா பச்சையா நிக்குதாம். அருவாவ எடுத்து செவப்ப தேங்கா நாருல தேச்சு எடுத்திருக்கா.

"அடியில அருவா பல்லே இல்ல மாமா. மொழுமொழுன்னு கெடக்குது. இரும்பு தண்ணிக்குள்ள எறங்கிடுச்சு. அது எறங்கினதாலதான் செம்புக்கு ஒக்கார எடம் கெடச்சுது."

ம்னேன்.

"அப்ப எறங்கிப் போறவன்தான் பலசாலி."

பாறைக்கு பக்கத்துல ஏதோ குருவி கத்திக்கினு இருந்துச்சு. அது நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் கேட்டோம். சுபைர் வாசல்ல இருந்து பஸ் வந்துடுச்சுன்னு கை காட்டினான்.

பரீட்சையில இரும்பும் மயில்துத்தமும் வரவே இல்ல. வெள்ளி நைட்ரேட் தண்ணியில தாமிரத்த போட்டா இன்னா ஆவும்னு கேட்டிருந்தாங்களாம். வெள்ளிய எங்க போயி முக்கறதுன்னு மொதல்ல பயந்துட்டாளாம். அப்புறம் இதுல எவன் எறங்குவான்னு யோசிச்சு, தாமிரம்னு எழுதிட்டு வந்திருக்கா. இந்தவாட்டியும் தாமிரந்தான் மாமான்னு சொல்லி அவளே சிரிச்சா. ரிசல்ட்டு வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குது. அங்கன்வாடி வேலைக்கும் இன்னும் ஆள் கேக்கல.

அந்த பச்சத் தண்ணிய அவ கொட்டல. ஒரு பாட்டில்ல ஊத்தி மூடி, "தொடாதே"ன்னு எழுதி ஒட்டி, ஜன்னல்ல வெச்சிருக்கா. போட்டோ அனுப்பனா. அதுல பின்னாடி கம்பியில என் பழைய சட்டை தொங்குது. எதுக்கு அந்த வெசத்த வெச்சிருக்கன்னு கேட்டேன். இருக்கட்டும், அதுலதான இரும்பு இருக்குதுன்னா.

நேத்து சாயங்காலம் பேசனா. தண்ணி நெறம் மாறிக்கினு வருதாம், பச்சை கம்மியாயி மஞ்சளா ஆவுதாம். அடியில துருவு மாதிரி ஏதோ கொஞ்சம் கொஞ்சமா படியுதாம். எறங்கின இரும்பு திரும்பி வருதுன்றா. பாட்டில ஆட்டாம, தெனம் காலையில குனிஞ்சு பாத்துக்கினு இருக்கா.