விளிம்பில் பட்ட பந்து

...வலது பக்கம்தான் போடப்போகிறாள், தோள் காட்டிக்கொடுக்கிறது, சர்வ் போடுவதற்கு முன் வலது தோளை ஒரு பொட்டு இறக்குவாள், இது எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், கல்யாணமாகி வந்த புதிதில், சாப்பாட்டு மேசையின் குறுக்கே புத்தகங்களை வரிசையாக நிற்கவைத்து இதுதான் நெட் என்றாள், "அண்ணி, பேட்டைக் கரண்டி மாதிரி பிடிக்காதீங்க, கை குலுக்குற மாதிரி பிடிங்க" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்... என் கணவரின் தங்கை. இன்று மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான டேபிள் டென்னிஸ் இறுதிப்போட்டி, கடைசி கேம், பத்துக்கு ஒன்பது, பத்து அவளுடையது, இந்த ஒரு பாயிண்ட் போனால் கோப்பை அவளுக்கு. விட்டுவிடுவேனா? யாரிடம் வேண்டுமானாலும் தோற்கலாம், இவளிடமா? மாமியார் கண்ணை மூடியதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை, உறவுக்காரர் வீட்டு விருந்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அந்த உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்க" என்று நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான் பேசுகிறோம், அந்த ஆள் என் கணவர், இதோ முதல் வரிசையில், பெண்டாட்டிக்குக் கை தட்டுவதா தங்கைக்குத் தட்டுவதா என்று தெரியாமல் இரண்டு கைகளையும் அக்குளில் ஒளித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம், வீட்டில் படுகிற பாடு போதாதென்று இங்கேயும்.

கை தவறக் கூடாது. நாள் முழுக்க ரத்தம் எடுக்கிற கை, கைக்குழந்தையின் நூல் போன்ற நரம்பைக்கூட முதல் குத்திலேயே பிடிக்கிற கை, லேபில் தவறாதது இங்கேயா தவறிவிடும்... மூச்சை விடு, முழங்காலை மடக்கு, பந்தைப் பார், அவள் முகத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வரும், வேண்டாம், பந்து மட்டும், வெள்ளைப் பந்து மட்டும். போட்டுவிட்டாள். வலது பக்கமேதான், நான் காத்திருந்த இடத்துக்கே, திருப்பினேன், அவள் வெட்டினாள், திருப்பினேன், மறுபடி வெட்டினாள், பந்து கொஞ்சம் மேலே எழும்பி நின்றது, இதுதான், இதைவிட்டால் இன்னொன்று வராது, உடம்பையே திருப்பி ஓங்கி அடித்தேன், அடிக்கும்போதே தெரிந்துவிட்டது, நீளம், ரொம்ப நீளம், பந்து மேசையைத் தாண்டிப் பறந்து சுவரில் மோதியது. அவ்வளவுதான். நடுவர் அவள் பக்கம் கையை நீட்டிவிட்டார், கூட்டம் எழுந்து தட்டுகிறது, அவள் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்கள் விசிலடிக்கிறார்கள், நான் பேட்டை மேசைமேல் வைத்துவிட்டேன், அழக் கூடாது, இவள் முன்னால் மட்டும் அழவே கூடாது...

அவள் நகரவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். வெற்றிக்குத் தூக்கிய கை இல்லை அது, வகுப்பில் பதில் சொல்லத் தூக்குகிற கை. "சார், பட்டுச்சு" என்றாள். நடுவர் "என்னம்மா?" என்றார். "மேசை ஓரத்துல பட்டுத்தான் போச்சு. லேசா உரசிச்சு." நடுவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியலையேம்மா, நான் பாயிண்ட் குடுத்தாச்சே" என்றார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார், என் பக்கம் பட்டுச்சு, நான் பார்த்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள், முகத்துக்கு நேரே, "பட்டுச்சு அண்ணி. உங்க பாயிண்ட்" என்றாள்.

அண்ணி. எத்தனை நாளாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு... விசில் நின்றுவிட்டது, யாரோ "அட" என்றார்கள், நடுவர் பலகையில் பத்துக்குப் பத்து என்று மாற்றுகிறார், இனி இரண்டு பாயிண்ட் முந்துகிறவளுக்குத்தான் கோப்பை, எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் பார்க்கவில்லை, நடுவர் பார்க்கவில்லை, ஒரு ஈ காக்கை பார்க்கவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் கோப்பை இவள் கையில். ஊருக்கே கண் சோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவள், பார்த்திருப்பாள்தான், ஆனால் பார்த்ததை எதற்குச் சொன்னாள்? என்னிடம், அதுவும் என்னிடம்? மாமியார் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே முகத்தோடுதான் நின்றாள், அழுது வீங்கிய கண்ணோடு, "அம்மா கடைசியா உங்களைத்தான் கேட்டாங்க அண்ணி" என்றாள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, என்னையா, நான் போட்ட காப்பியை ஒரு நாளாவது குறை சொல்லாமல் குடித்திருப்பாரா அந்த மனுஷி, என்னைக் கேட்டாராம், எல்லோர் முன்னாலும் என்னைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன், "பொய் சொல்றதுக்கும் ஒரு நேரம் காலம் இருக்கு" என்று சொல்லிவிட்டேன், அவள் அன்றோடு அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள்... பந்து உரசியதையே மறைக்கத் தெரியாதவள். இவளா அன்றைக்குப் பொய் சொன்னாள்?

"அண்ணி, சர்வ் உங்களது" என்கிறாள். ஆமாம், என்னுடையது. பந்து உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது, இப்போது என்ன செய்ய, நெட்டில் அடித்துவிடலாமா, இரண்டு பாயிண்டையும் விட்டுக்கொடுத்து நீயே எடுத்துக்கொள் என்று சொல்லாமல் சொல்லிவிடலாமா, அதுதானே மரியாதை... சீ, அதுவா மரியாதை? அவள் நேர்மையாகத் தந்ததை நான் பிச்சையாகத் திருப்பிப் போடுவதா? நான் வேண்டுமென்றே விட்டால் அவளுக்குத் தெரியாதா என்ன, என் ஒவ்வொரு அசைவும் அவள் கற்றுக்கொடுத்தது. முழுசாக ஆடு. இவளுக்கு நீ தரக்கூடியது அது ஒன்றுதான், உன்னிடம் இருப்பதில் ஒரு துளி மிச்சம் வைக்காமல் ஆடு. பந்தைத் தூக்கிப்போட்டேன், இத்தனை மாதமாக வேலைக்குப் புறப்படும் முன் தனியாகச் சுவரோடு பழகிய அந்த இடப்பக்கச் சுழல் சர்வ், அவளுக்குத் தெரியாத ஒரே ஒரு சர்வ், பந்து வெளியே போவதுபோல் போய் உள்ளே வளைந்தது, அவள் பேட் காற்றைத்தான் வெட்டியது. "ஓ!" என்றாள், கோபமில்லை, ஆச்சரியம்! அடுத்தது அவள் சர்வ், அவளும் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை, மூலைக்கு மூலை ஓடவிட்டாள், மூச்சு இரைக்கிறது, கால் எரிகிறது, கூட்டம் ஒவ்வொரு அடிக்கும் கத்துகிறது, யார் பக்கம் என்றில்லாமல் கத்துகிறது, நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன், அவளும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், எதற்கு என்று தெரியவில்லை, சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடிய இரண்டு பெண்கள், ஒருத்திக்குத் தாலியின் புதுமை போகவில்லை, இன்னொருத்திக்குப் படிப்பு முடியவில்லை... இடது மூலை காலி, இதோ, அடி! பந்து விழுந்தது. மேசைமேல், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, விழுந்து எழுந்து போய்விட்டது.

ஜெயித்துவிட்டேன். ஜெயித்தேவிட்டேன்! கூரை பறக்கிற மாதிரி சத்தம், முதல் வரிசையில் அவர் நாற்காலிமேல் ஏறி நின்று தட்டுகிறார், இந்த மனுஷனுக்கு முழங்கால் வலி என்றல்லவா நேற்றுவரை சொன்னார், யாருக்குத் தட்டுகிறார் என்று கேட்டால் இப்போதும் பதில் வராது. உடம்பு முழுக்கக் குதிக்கிறது, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் மிச்சமிருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நெட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள், ஈரக் கை, என் கையும் ஈரம். "அந்த சர்வை எங்கே பிடிச்சீங்க அண்ணி? நான் சொல்லிக்குடுக்கலையே!" "உன்னைத் தோற்கடிக்கத்தான் பழகினேன்" என்றேன், உள்ளதைச் சொன்னேன், "தெரியும், தெரியும்" என்று கையை விடாமல் சிரித்தாள்.

இப்போது கேட்டுவிடலாம். அம்மா என்னைக் கேட்டாங்கன்னு சொன்னியே, என்ன கேட்டாங்க... வாயைத் திறந்தேன், வந்தது என்னவோ, "தண்ணி குடிக்கிறியா?" "குடுங்க" என்று வாங்கி மடமடவென்று குடிக்கிறாள், தொண்டை ஏறி இறங்குகிறது, பாட்டில் காலியாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பொய் சொல்கிறாள் என்று நினைத்திருந்தவரை இவளிடம் எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை... இனி, கேட்டால் சொல்லிவிடுவாளே, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவாளே.